இருக்கையும் இரண்டு கையும்

ரோஸ் ஹில், மொரிஷியஸ்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருமணம் நிச்சயமானதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாப்பிள்ளை வீடு சிவகங்கைப் பக்கமே என்றால் உனக்கும் அலைச்சல் மிச்சம். தேதியை மட்டும் சீக்கிரம் எழுது. தைப்பூசக் காவடிக்கு இங்கே அரசு விடுமுறை. விரதம், கோயில் வேலை என்று அந்த நாட்களில் என்னை எங்கேயும் விடமாட்டார்கள். அது முடிந்த பிறகு என்றால் கட்டாயம் வருகிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளுக்கு அருஞ்சொற்பொருளை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாய், பட்டியல் போட்டு ஒப்பிக்கச் சொல்கிறாயா என்று கேட்டிருந்தாய். பட்டியலும் உண்டப்பா, தேர்வு என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் நான் பெரிதும் நம்புவது சொல்லைப் பிரித்துப் பார்ப்பதைத்தான். அதையும் ஓர் எல்லை வரைக்கும்தான் நம்புகிறேன்.

இந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். அதனால் சொல்லின் முன்னால் எதையாவது ஒட்டிப் பொருளை மாற்றுவது அவர்களுக்குக் கைவந்த கலை. பிரெஞ்சில் ‘ஃபேர்’ என்றால் செய்; ‘ரெஃபேர்’ என்றால் திரும்பச் செய்; ‘தேஃபேர்’ என்றால் செய்ததைக் கலை. தமிழ்ச் சொல்லைக் கண்டாலும் முதலில் அதன் தலையைத்தான் பிடிக்கிறார்கள். நம் மொழியில் பெரும்பாலான வேலை வாலில் அல்லவா நடக்கிறது! செய் என்ற ஒன்றே செய்கை, செயல், செய்யுள், செய்தி என்று வால் மாறி மாறி வருகிறது. அதனால் வாலிலிருந்து பார்க்கப் பழக்குவதுதான் என் முதல் வேலை.

அதற்குச் சந்தைதான் கைகொடுக்கிறது. இங்கே கிரியோலில் கொத்தமல்லிக்குக் ‘கோத்தோமிலி’ என்று பெயர். முருங்கைக்கீரை ‘பிரேட் முரூம்’. பீர்க்கங்காய் ‘பிபங்காய்’. தமிழ் ஒரு எழுத்துத் தெரியாதவர்களும் கூசாமல் பிபங்காய் என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். நான் அதைத் தமிழில் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் கத்தரிக்காய், வெண்டைக்காய், தேங்காய் என்று எழுதுவேன். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் யாராவது ஒரு பிள்ளை ‘காய்!’ என்று கத்தும். இத்தனை நாள் தன் வாயில் இருந்த சொல்லுக்குள் தமிழ் ஒளிந்திருந்தது தெரிந்ததும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! உடனே சுண்டைக்காய் என்று எழுதுவேன். அதைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகூட, ‘சமைக்கிற ஏதோ ஒன்று, சார்’ என்று சொல்லிவிடும்.

அடுத்து வேண்டுமென்றே பகடைக்காய் என்று எழுதுவேன். ‘பொரிக்கலாமா சார்?’ என்பார்கள். ‘பகடைக்காயை உருட்டிவிட்டு எண்ணைப் பார்த்தான்’ என்று ஒரு வாக்கியத்தை எழுதினால் போதும், யாரும் பொரிக்கமாட்டார்கள். பிரித்தால் கிடைப்பது ஊகம், அவ்வளவுதான். அது சரியா என்பதை வாக்கியம்தான் சொல்ல வேண்டும். இதைப் பழக்காமல் பிரிக்க மட்டும் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? இங்கே இருநூறு ரூபாய் நோட்டில் தமிழிலும் எழுதியிருக்கும். அதை வைத்து ‘இரு’ என்றால் இரண்டு என்று சொல்லிக்கொடுத்தேன். இருபது, இருவர், இருமொழி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பாடத்தில் இருக்கை என்று வந்ததும் ஒரு பெண் எழுந்து ‘இரண்டு கை’ என்றாள். வகுப்பே கைதட்டியது. அவள் பிரித்த இடம் சரிதான், துண்டுகள்தான் வேறு. உட்காரும் இரு அது; கை வெறும் விகுதி, சொல்லின் வால். வாழ்க்கை, சேர்க்கை, வேட்கை எதிலும் கை கிடையாது. நம் ஊர் மேடைகளில் ‘நம்பிக்கை என்றால் நம் கையை நம்புவது’ என்று முழங்குகிறவர்களை விடவா இந்தக் குழந்தை செய்தது பெரிய தப்பு?

அசைவமும் அசைவும் இன்னொரு ஜோடி. காவடி விரதம் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குச் சைவம், அசைவம் தெரியும். முன்னால் ஒட்டுவது பழகிய ஆட்கள் வேறு, ‘அ’ வந்தாலே எதிர்மறை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அநியாயம், அசுத்தம் எல்லாம் சரி. அசைவு, அமைதி, அழகு என்று வரும்போது வண்டி குடைசாய்கிறது. இதற்குத்தான் பவணந்தி முனிவர் நன்னூலில் பிரிக்கக்கூடிய பகுபதம், பிரிக்க முடியாத பகாப்பதம் என்று முதலிலேயே இரண்டாக வகுத்துவிட்டுப் பிறகு பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்புகளைச் சொன்னார். கல்லூரியில் அந்த ஆறையும் மதிப்பெண்ணுக்காக ஒப்பித்தோம். எதைப் பிரிக்கக்கூடாது என்ற பாதியை யாரும் நம்மிடம் அழுத்திச் சொல்லவில்லை.

மூட்டுவாய் மறைந்திருக்கும் சொற்களும் தொல்லைதான். வானும் நிலையும் சேர்ந்தால் வானிலை. நிலையின் ‘ந’ என்ற எழுத்தைத் தேடினால் கிடைக்காது. ஆனால் காற்று சம்பந்தப்பட்ட சொல் என்றால் இங்கே எந்தப் பிள்ளைக்கும் ஆர்வம் வரும். 2024 ஜனவரியில் பெலால் சூறாவளியின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்தவர்கள் ஆயிற்றே. சூறையும் வளியும் சேர்ந்தது சூறாவளி, வளி என்றால் காற்று என்று ஒரு தடவை சொன்னால் போதும், அறிவியல் பாடத்தின் வளிமண்டலம் தானாகத் திறந்துகொள்கிறது.

ஒத்த சொல் விஷயத்தில்தான் உன்னோடு எனக்குக் கொஞ்சம் சண்டை. ஒரே பகுதியில், அதாவது ஒரே வேர்ச்சொல்லில் பிறந்த சொற்களை ஒத்த சொற்களாகக் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். செயலும் செய்கையும் சரி. செய்தியையும் செய்யுளையும் எங்கே வைப்பாய்? உடன்பிறந்தவர்கள்தான், ஆனால் ஆளுக்கொரு ஊரில் குடியேறிவிட்டார்கள். மறுபக்கம், ஒட்டும் உறவும் இல்லாத சொற்கள் ஒரே பொருளைக் குறிக்கின்றன. அந்த வகைச் சொற்களைத்தான் நிகண்டு என்ற பழைய சொற்பொருள் நூல்களைச் செய்தவர்கள் செய்யுளில் கட்டி மனப்பாடத்துக்குக் கொடுத்தார்கள். கடலுக்கு எத்தனை பெயர்! அந்தப் பட்டியலை அப்படியே கொடுத்தால் பிள்ளைகள் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றையும் பிரித்துக் கொடுத்தால் மறப்பதில்லை.

எங்கள் தீவைச் சுற்றிப் பெரும்பாலும் பவளப்பாறைத் திட்டு இருப்பது உனக்குத் தெரியும். அதற்கு உள்ளே, ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் போன்ற கரைகளில், தண்ணீர் தட்டையாகப் பரந்து கிடக்கும். அதைக் காட்டி, பரவுவதால் பரவை என்றேன். தெற்கே சூயாக் பக்கம் கிரி-கிரி என்று ஒரு இடம். அங்கே அந்தத் திட்டு விட்டுப்போயிருப்பதால் அலை நேராகப் பாறையில் வந்து அறையும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அங்கே நின்றுகொண்டு, ஆர் என்றால் நிறைதல், கலி என்றால் ஓசை, இரண்டும் சேர்ந்தால் ஆர்கலி என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு பையன், ‘அப்படியென்றால் ஃபிளிக்-ஆன்-ஃபிளாக்கை ஆர்கலி என்று எழுதினால் தப்பா சார்?’ என்று கேட்டான். தேர்வில் தப்பில்லை, ஆனால் நீ அப்படி எழுதமாட்டாய் என்றேன். அலைகள் வந்து புணர்வதால் புணரி என்று சொன்னதைவிட அவன் கேட்ட கேள்விதான் மற்றவர்களுக்கு நன்றாகப் பதிந்தது.

முந்நீரில் மட்டும் சிக்கினேன். மூன்று நீர் என்று சுலபமாகப் பிரித்துவிட்டார்கள். எந்த மூன்று என்று கேட்டார்கள். ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் என்று ஓர் உரை. ஆக்கல், காத்தல், அழித்தல் என்ற மூன்று தன்மை என்று இன்னோர் உரை. இரண்டையும் சொன்னேன். பெலாலைப் பார்த்தவர்கள் இரண்டாவதற்கே கை தூக்கினார்கள்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. அடுத்த தவணைக்கு நீர்நிலைகளை எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஊருணி என்ற சொல் என்னிடம் இருக்கிறது. ஊர் உண்ணும் நீர் என்று பிரித்துக் காட்ட வசதியானது. கண்மாய், ஏந்தல், தாங்கல் எல்லாம் இங்கே புத்தகத்தில் மட்டும்தான். உன் ஊரில் எதை எதற்குச் சொல்கிறார்கள், குளிக்கிற இடத்துக்கும் குடிக்கிற இடத்துக்கும் வயலுக்குப் பாய்கிற இடத்துக்கும் பெயர் மாறுகிறதா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுது. அகராதியைப் பார்த்து எழுதாதே, அது என்னிடமும் இருக்கிறது. முடிந்தால் ஒவ்வொன்றையும் படம் எடுத்து அனுப்பு. கல்யாண வேலையில் நேரம் இல்லை என்றால் மாப்பிள்ளையிடம் சொல், புது மாப்பிள்ளை மறுக்கமாட்டார்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

உன்,
வேலு