சித்தம் கலங்கியவர்களா அவர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஐரோப்பிய அரசவைகளின் பெண் தீர்க்கதரிசிகளைப் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். அவர்களைச் ‘சித்தம் கலங்கியவர்கள்’ என்று ஒரே வரியில் ஒதுக்கியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாட்ரிட்டின் லுக்ரேசியா தெ லியோனையே பாருங்கள். 1587இல் அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அவர் கண்ட கனவுகளை அலோன்சோ தெ மெந்தோசா என்ற டொலேடோ பேராலயக் குருவின் ஏற்பாட்டில் எழுதிவைத்தார்கள். 1590க்குள் நானூறைத் தாண்டிவிட்டன. அக்கனவுகளில் இங்கிலாந்தின் மீது ஏவிய கப்பற்படை தோற்கிறது, ஏழைகள் வரிச்சுமையில் நசுங்குகிறார்கள், ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் வம்சமே பட்டுப்போகிறது. 1588இல் அர்மடா என்ற அந்தக் கப்பற்படை உண்மையிலேயே சிதைந்து திரும்பியதும் செல்வாக்குள்ள பலர் அவரை நம்பத் தொடங்கினார்கள்.

பித்துப்பிடித்தவள் என்று நினைத்திருந்தால் மன்னர் அவரைப் பொருட்படுத்தியிருக்கவே மாட்டார். 1590 மே மாதம், மன்னரின் ஆணைப்படி, திருச்சபைக் கொள்கைக்கு மாறானவர்களை விசாரிக்கும் மதவிசாரணை மன்றம் அவரைக் கைது செய்தது. அப்போது அவர் கர்ப்பிணி. குழந்தை பிறந்ததும் சிறையில்தான். ஐந்து ஆண்டுகள் இழுத்தடித்து, 1595இல் தீர்ப்பளித்தார்கள்: நூறு கசையடி, இரண்டு ஆண்டு மடத்தில் அடைப்பு, மாட்ரிட்டுக்குள் நுழையத் தடை. நோயாளிக்கா இத்தனை ஏற்பாடு? இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் மறுமணத்தை எதிர்த்து முன்னுரைத்த எலிசபெத் பார்ட்டனையும், முறையான வழக்கு விசாரணை இல்லாமல், நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்றி 1534இல் தூக்கிலிட்டார்கள்.

கட்டுரையில் இடம்பெறாத இன்னொருவர் ஸ்பெயினின் அக்ரெடா ஊர் மடத்துத் துறவி மரியா. இரண்டாம் பிலிப்பின் பேரன் நான்காம் பிலிப் 1643இல் அவரை மடத்துக்கே சென்று சந்தித்தார். அதன்பின் 1665இல் மரியா இறக்கும்வரை இருவருக்குமிடையே அறுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் போய்வந்தன. தாளின் ஒரு பாதியில் மன்னர் எழுதுவார். மறுபாதியை மரியாவின் பதிலுக்காகக் காலியாக விடுவார். போர், வரி, அரசவைப் பூசல் எல்லாம் அந்தத் தாள்களில் உண்டு. மன்னரின் ஒழுக்கத்தைக்கூட அவர் தயங்காமல் கண்டித்தார். 1650இல் அவரையும் மதவிசாரணை மன்றம் விசாரித்தது. ஆனால் தண்டனையின்றி மீண்டார்.

மரியா சொன்னது மன்னருக்கு மட்டும் கேட்டது. லுக்ரேசியா சொன்னதை மாட்ரிட்டே பேசியது. அவர்கள் கதி வேறுபட்டதற்கு இதையே முக்கியக் காரணமாகக் கருதுகிறேன். லுக்ரேசியா வழக்கின் ஆவணங்கள் இன்றும் ஸ்பெயினில் பாதுகாப்பாக இருக்கின்றன. அவற்றின் அடிப்படையில் அவருக்கென்று ஒரு தனிக் கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்