டெல்ச் பாட்டி வீட்டுல ஒரு ராத்திரி

அம்மா,

அப்பத்தா சொல்லச் சொல்ல தம்பி எழுதி போட்டோ புடிச்சு அனுப்புன கடிதம் வந்துச்சு. நாலு மாசமா பேரன் எழுதலையேன்னு அப்பத்தா கேட்டத படிச்சதும் ஒரு மாதிரி ஆயிருச்சு. தப்பு என் மேலதான், வேலை வேலைன்னு தள்ளிப் போட்டுட்டேன். இத தம்பிய சத்தமா படிக்கச் சொல்லு, அப்பத்தாவும் கேக்கட்டும்.

நான் நல்லாருக்கேன். இங்க செக் நாட்டுல, பிர்னோல குளிர் இன்னும் விடல, ஆனா பழகிருச்சு, ரூமுக்குள்ளயும் ஜெர்கின் போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியாது.

போன சனிக்கிழமை டெல்ச்னு ஒரு ஊருக்கு பஸ்ல போனேன், இங்கருந்து 90 கிலோமீட்டர் போல இருக்கும். ஊரச் சுத்தி குளம், எல்லாம் ஐஸாகி புள்ளைக அது மேல சறுக்கி விளையாடுதுக. நடுவுல நீளமா ஒரு சதுக்கம், ரெண்டு பக்கமும் ரோஸு மஞ்சள்னு பெயிண்ட் அடிச்ச பழைய வீடுக, முன்னாடி வளைவு வளைவா தாழ்வாரம், 1992லயே யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துட்டாங்க. அதப் பாத்துக்கிட்டே நின்னு கடைசி பஸ்ஸ விட்டுட்டேன். பனி வேற கொட்டுது. ரூம் எடுக்கலாம்தான், ஒரு ராத்திரிக்கு எதுக்குன்னு பஸ் ஸ்டாப்லயே உக்காந்துட்டேன்.

நாய கூட்டிக்கிட்டு வந்த ஒரு பாட்டி என்னைய தாண்டிப் போயிட்டு திரும்பி வந்து ஏதோ கேட்டுச்சு. எனக்கு தெரிஞ்ச அரகொற செக் பாஷைல "பஸ் இல்ல, பிர்னோ, காலைல"ன்னு சொன்னேன். அவ்வளவுதான், என் பைய வாங்கிக்கிட்டு முன்னால நடக்க ஆரம்பிச்சிருச்சு.

இங்க ரோட்டுல யாரும் மொகத்தப் பாத்து சிரிக்க மாட்டாங்க, வந்த புதுசுல நம்மள புடிக்கலையோன்னு நெனச்சேன். அப்படி இல்லம்மா, வாசப்படி ஏறிட்டா வேற ஆளுக. நம்மள மாதிரியே செருப்ப கழட்டிட்டுத்தான் உள்ள போகணும், வீட்டுக்குள்ள போட்டுக்க பப்புச்சேன்னு துணிச்செருப்பு, விருந்தாளிக்குன்னே ரெண்டு மூணு ஜோடி வச்சிருக்காங்க. அந்தப் பாட்டி அதுல எதையும் எடுக்கல. உள்ள போயி கட்டம் போட்ட ஒரு ஜோடிய எடுத்தாந்து, ஹீட்டர் மேல கொஞ்ச நேரம் வச்சு சூடாக்கி என் காலுகிட்ட வச்சுச்சு. அவங்க மகனோடதாம், ப்ராக்ல வேலை பாக்குறாராம்.

தாத்தா சூப் ஊத்துனாரு, உருளைக்கிழங்கும் அவங்களே காட்டுல பறிச்சு காயவச்ச காளானும் போட்டது. கூட ஒரு கருப்பு ரொட்டி. அதுல க்மீன்னு ஒண்ணு போடுறாங்க, சீரகம் இல்ல, ஆனா பல்லுல கடிபட்டதும் நீ ரசத்துக்கு சீரகம் தட்டுவியே அந்த ஞாபகம். தொண்ட அடைச்சிருச்சும்மா. சூப் சுட்டுருச்சு போலன்னு பாட்டி தண்ணி குடுத்துச்சு. வெள்ளிக்கிழமைல இருந்து நான் யார்ட்டயும் வாயத் தொறந்து பேசல, அதுவும் ஒரு காரணமா இருக்கும்.

விருந்தாளி வீட்டுக்கு வந்தா சாமி வீட்டுக்கு வந்த மாதிரின்னு இங்க ஒரு சொலவடையாம், தாத்தா போன்ல மொழிபெயர்த்துக் காட்டுனாரு. வளையக்காரருக்கு இல போடும்போது அப்பத்தா சொல்றதுதான. காலைல 500 கொருனா நோட்ட நீட்டுனேன், பாட்டி என் வெரல மடக்கி கைய மூடிவிட்டுருச்சு. வழிக்குன்னு பிளம் ஜாம் வச்ச புஹ்தி பன்னு ஆறு, பேப்பர்ல சுத்தி பைக்குள்ள வச்சுச்சு. மூணு நாள் வச்சுச் சாப்புட்டேன்.

அப்பத்தா கையால போட்ட எலுமிச்ச ஊறுகா ஒரு சின்ன டப்பா அனுப்பணும்மா, எனக்கு இல்ல, அந்தப் பாட்டிக்கு. காரம் கம்மியா இருக்கட்டும்.

கெணத்து மோட்டர் காயில் போயிருச்சுன்னு தம்பி எழுதிருந்தான். போன தடவ கட்டுனவர்ட்ட போக வேணாம், ஆறு மாசம்கூட தாங்கல, தேனில வேற ஆள பாக்கச் சொல்லு. நகைய மூட்ட பங்குனி முடியறதுக்குள்ள அனுப்பிருவேன், இங்க பேங்க்ல ஒரு பேப்பர் வேலை இழுக்குது, அதுவரைக்கும் வட்டிய மட்டும் கட்டிரு. அக்காவுக்கு எந்த தேதின்னு டாக்டர் சொன்னாங்க? வளைகாப்பு எப்ப வைக்கிறீங்கன்னு எழுது, சின்ன மாமாவ கூப்புடாம விட்டுறாத, வரப்பு சண்டைய அன்னைக்கு யாரும் பேசக்கூடாதுன்னு அப்பாட்ட நான் சொன்னேன்னு சொல்லு.

உன் மகன்