ஏரிக்குக் கம்பூசியா வேண்டாம்

ஆசிரியருக்கு,

மழைக்காலம் வந்தாலே கொசுவை ஒழிக்க ஏரி, குளங்களில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விடும் படங்கள் நாளிதழ்களில் வந்துவிடுகின்றன. பையைக் கவிழ்ப்பதும் சுற்றி நின்று போஸ் கொடுப்பதும் சரி. அந்த மீன் கொசுப்புழுவோடு நிறுத்திக்கொள்வதில்லையே! தவளை முட்டை, மற்ற மீன்களின் குஞ்சு என்று கிடைத்ததையெல்லாம் விழுங்கும். விரல் நீளம்கூட இல்லாத இந்த அமெரிக்க மீன் 1928-இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்தது. முட்டையிடாமல் நேரடியாகக் குட்டி போடுவதால், வெதுவெதுப்பான நம் நீர்நிலைகளில் மளமளவெனப் பெருகிவிடுகிறது. உலகின் மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு.

இத்தனைக்கும், கொசுப்புழு தின்னும் மீன் நம் ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலுமே இருக்கிறது. நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும்; மேலிருந்து பார்த்தால் உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும். கிராமத்துப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே காட்டுவார்கள். அதை வளர்த்து விடலாமே?

அப்புறம், டெங்கு கொசு ஏரியைத் தேடிப் போவதில்லை. பழைய டயர், கொட்டாங்குச்சி, மூடாத தொட்டி, ஃப்ரிட்ஜின் பின்தட்டு இவற்றில்தான் பெருகுகிறது. கொட்டாங்குச்சியில் எந்த மீனை விடுவது? உள்ளாட்சி அமைப்புகள் அந்தப் பணத்தையும் ஆட்களையும் தெருக்களுக்கு அனுப்பட்டும்.

– ஒரு வாசகர், தாம்பரம்