நம்புகிறேன் என்பதும் தெரியும் என்பதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய நிகழ்வுகளுக்குப் பின்னால் யாரோ மறைவாகச் சதி செய்கிறார்கள் என்னும் சதிக்கோட்பாடுகளை நம்புவோரையும் கடவுளை நம்புவோரையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டும் ஒரே மனப்போக்கின் இரு வடிவங்கள்தாம் என்று வாதிட்ட கட்டுரையைத் தங்கள் நாளிதழில் படித்தேன். நான் இறைநம்பிக்கை உள்ளவன். முதல் வாசிப்பில் கோபம் வந்தது உண்மை. இரண்டாம் முறை படித்தபோது, கட்டுரையாளர் சொன்னதில் பாதி சரி என்றே பட்டது. மறுபாதிக்காகவே இக்கடிதம்.

சரியான பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற போதகரைப் பின்பற்றியவர்கள், விவிலியத்தின் தானியேல் ஆகமத்தில் வரும் 2,300 நாட்களை ஆண்டுகளாகக் கொண்டு கணக்கிட்டு, 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து திரும்பி வருவார் என்று காத்திருந்தார்கள். மறுநாளும் பொழுது வழக்கம்போல் விடிந்தது. பலர் மனமுடைந்து விலகிப் போனார்கள். ஒரு பிரிவினரோ, நாள் தவறவில்லை, குறித்த நாளில் நிகழ வேண்டியது மண்ணில் அல்லாமல் விண்ணகத்தில் நிகழ்ந்துவிட்டது என்று விளக்கம் கண்டார்கள். அதே நாட்டில், 2017 அக்டோபரில் பெயர் தெரியாத ஒருவரின் இணையப் பதிவுகளிலிருந்து கிளம்பிய, இரகசியக் கும்பல் ஒன்றை எதிர்த்து டொனால்டு டிரம்ப் போராடுகிறார் என்று நம்பும் 'கியூஅனான்' கூட்டத்தில் பலர், 2021 ஜனவரி 20 அன்று ஜோ பைடன் அதிபராகப் பதவியேற்பதற்குள் அந்த எதிரிகள் அனைவரும் கூண்டோடு கைதாவார்கள் என்று காத்திருந்தார்கள். பதவியேற்பு நடந்து முடிந்தது. கைது எதுவும் நடக்கவில்லை. சிலர் விலக, வேறு சிலர் மார்ச் 4 என்று அடுத்த நாளைக் குறித்துக்கொண்டார்கள். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் ஒற்றுமையை மறுக்க முடியாது.

தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் இதை முன்பே கவனித்தார். டிராய் நகரின் போர்க்களத்தில் நடப்பதெல்லாம் ஒலிம்பஸ் மலையில் தெய்வங்கள் போடும் திட்டங்களின் விளைவே என்று பழங்கிரேக்கர் கருதினர். தெய்வங்கள் காலியாக விட்டுச்சென்ற அந்த இடத்தில் இப்போது அதிகாரம் மிக்க மனிதர்களும் குழுக்களும் அமர்த்தப்படுகிறார்கள் என்பது அவர் கருத்து. கட்டுரையாளரும் ஏறக்குறைய இதையே சொல்கிறார். ஆனால், அந்த இடத்தில் அமர்பவர் மாறும்போது மற்றவையும் மாறுகின்றன என்பதை அவர் கவனிக்கவில்லை. துன்பம் வந்தபோது ஊழ் என்பவர் கணக்கைத் தம் பெயரிலேயே எழுதிக்கொள்கிறார். சதி என்பவர் அதை இன்னொருவர் பெயரில் எழுதுகிறார், அந்த இன்னொருவர் கைக்கு எட்டும் தூரத்தில் வாழும் மனிதராக இருந்துவிடுகிறார்.

ஐரோப்பாவில் பெரும் கொள்ளைநோய் பரவிய காலத்தில், யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்ததுதான் காரணம் என்ற கதை பரவியது. 1349 பிப்ரவரியில் ஸ்டிராஸ்பர்க் நகரில், நோய் அங்கு வந்து சேரும் முன்பே, யூதர்கள் பெருந்திரளாக எரித்துக் கொல்லப்பட்டனர். கொன்றவர்களும் பக்தர்கள்தாம், அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அதற்கு முந்தைய ஆண்டே திருத்தந்தை ஆறாம் கிளமெண்ட், யூதர்களும் இதே நோயில் மடிகிறார்கள், யூதர்களே இல்லாத இடங்களிலும் நோய் பரவுகிறது, அப்படியிருக்க இக்குற்றச்சாட்டு எப்படிப் பொருந்தும் என்று கேட்டு ஆணை வெளியிட்டிருந்தார். அது பலரைக் காப்பாற்றவில்லை. என்றாலும் மதத்துக்குள் 'இது பொய்' என்று சொல்லும் பொறுப்பில் ஒருவர் இருந்தார். சதிக்கதைக்குள் அப்படிச் சொல்பவர் அந்த நொடியே எதிரியின் ஆள் ஆகிவிடுகிறார்.

இன்னொரு வேறுபாடு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 2012ல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், கார் விபத்தில் இறந்த பிரிட்டன் இளவரசி டயானா உண்மையில் கொலை செய்யப்பட்டார் என்ற கருத்தை எந்த அளவுக்கு ஏற்றார்களோ அந்த அளவுக்கு, அவர் சாகவே இல்லை, இறந்ததாக நாடகமாடினார் என்ற கருத்தையும் ஏற்கும் போக்கு மக்களிடம் காணப்பட்டது. ஒருவர் செத்தும் சாகாமலும் இருக்க முடியாது என்பது அங்கே இடையூறாக இல்லை. அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டது பொய் என்பது ஒன்றே போதுமானதாக இருந்தது. மதங்களோ ஒரு சொல்லுக்காக, சில வேளைகளில் ஓர் எழுத்துக்காகவே, நூற்றாண்டுக்கணக்கில் சண்டையிட்டுப் பிரிந்தவை. அதைப் பெருமை என்று சொல்ல வரவில்லை, ஆனால் அது வேறு வகைக் கோளாறு.

சதியே உலகில் இல்லை என்றும் எவரும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்னும் பால்வினை நோயுற்ற கறுப்பின ஆண்களிடம் உண்மையை மறைத்து, பெனிசிலின் என்ற மருந்து வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், அரசின் சுகாதாரத் துறையே அவர்களைக் கண்காணித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார், பத்திரிகை எழுதியது, ஆய்வு நின்றது. இந்த வரலாற்றை அறிந்தவர் அரசின் சொல்லை ஐயுற்றால் அதைப் பிணி என்பது அநியாயம்.

என் மனைவியின் தம்பி, மனிதன் நிலவில் இறங்கவில்லை என்பதில் உறுதியாக இருப்பவர். கைப்பேசியில் 1969ஆம் ஆண்டுப் படத்தை இரு விரல்களால் பெரிதாக்கி, காற்றே இல்லாத இடத்தில் கொடி எப்படிப் பறக்கிறது என்று என்னிடம் கேட்டார். கொடியின் மேல்விளிம்பில் குறுக்குக் கம்பி ஒன்று செருகப்பட்டிருப்பதையும், அது முழுவதும் நீளாததால் துணி சுருங்கி நிற்பதையும் அதே படத்தில் காட்டினேன். ஆறு பயணங்களில் கொண்டுவந்த 382 கிலோ கல்லும் மண்ணும் பற்றிச் சொன்னேன். பொய் என்றால் முதலில் கூச்சலிட்டிருக்க வேண்டியது போட்டியில் தோற்ற சோவியத் ஒன்றியம் அல்லவா என்றும் கேட்டேன். "அவர்களும் உடந்தை, அத்தான்" என்றார்.

"சரி, எதைக் காட்டினால் ஒப்புக்கொள்வாய்?" என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "கடவுள் இல்லை என்று எதைக் காட்டினால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். கட்டுரையாளர் அருகில் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார். எதைக் காட்டினாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றும், அதனால்தான் அதை அறிவு என்று சொல்லாமல் நம்பிக்கை என்று சொல்கிறேன் என்றும் பதில் சொன்னேன். நீயும் நிலவு விஷயத்தில் 'நம்புகிறேன்' என்று மட்டும் சொல்லிவிடு, நான் வாதத்தை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே, "நான் நம்பவில்லை அத்தான், எனக்குத் தெரியும்" என்றார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்