முயல் சமாச்சாரம்

மாப்ள,

நாலு மாசமா ஒரு சத்தமும் இல்லன்னு திட்டுவ, திட்டிக்கோ. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, ஊறுகாய் வந்து சேந்துச்சு, தேங்க்ஸ். இப்ப விஷயம். பாப்பா வளத்துச்சே முயல், போன செவ்வாக்கிழமை செத்துப்போச்சுடா. "கறியாச்சும்..."னு ஆரம்பிச்ச, உதைப்பேன்.

அவ ரெண்டு நாளா சரியா சாப்பிடல. அவளுக்குச் சொல்ல முயல் கதை தேடப்போயி நான் ரோமாபுரில விழுந்துட்டேன். நமக்கு எல்லாமே முயல்தான், அவனுங்க காட்டு முயலுக்கு லெபுஸ், வளை தோண்டுற ஸ்பெயின் முயலுக்கு குனிகுலுஸ்னு தனித்தனி பேரு வச்சிருக்கானுங்க, குனிகுலுஸ்னா சுரங்கம்னும் அர்த்தமாம். ஸ்பெயின் பக்கத்துல இருக்கிற பலேரிக் தீவுகள்ல அது பெருகி வெள்ளாமைய அழிக்க, ஜனங்க ரோமப் பேரரசர் அகஸ்டஸ்கிட்ட போயி ராணுவத்த அனுப்புங்கன்னு கேட்டாங்கன்னு பிளினின்னு ஒரு ரோமானிய எழுத்தாளர் எழுதுறாரு. முயலுக்கு ராணுவம்! ஸ்டிராபோன்னு ஒரு கிரேக்க எழுத்தாளர் இன்னும் மேல, மரம் வீடெல்லாம் அடியில தோண்டிச் சாய்ச்சிருச்சுங்கிறாரு. ஹாஸ்டல் எலிக்கு நீ எழுதுன மனுதான் ஞாபகம் வந்துச்சு. இதுல கூத்து என்னன்னா, பின்னாடி வந்த பேரரசர் ஹேட்ரியன் ஸ்பெயின் பேர்ல நாணயம் அடிச்சப்போ, ஒலிவக்கிளையோட சாஞ்சிருக்கிற பொம்பளையா ஸ்பெயினக் காட்டி, அவ பக்கத்துல ஒரு முயலையும் போட்டுட்டாரு.

உனக்குன்னே ஒண்ணு இருக்கு. முயல் கறி தின்னா அழகாயிருவாங்கன்னு அங்க ஒரு நம்பிக்கை. மார்ஷியல்னு ஒரு கவிஞர், தனக்கு முயல் அனுப்பி 'ஏழு நாளைக்கு அழகா இருப்பே'ன்னு சொன்ன ஒரு பொம்பளைய, அது நெசம்னா நீ முயலே தின்னதில்ல போலன்னு வாரிட்டாரு. உன் மூஞ்சிய பாத்திருந்தா அந்தக் கவிதைக்கே அவசியமில்ல.

முயல்னா கறிக்குத்தான்னு மூணு கால்லயே நிப்ப, தெரியும். ஆனா இங்கிலாந்துல ஃபிஷ்போர்ன்னு ஒரு ரோமானிய அரண்மனை, அங்க 1964ல தோண்டி எடுத்த 4 செ.மீ. எலும்புத்துண்டு பொட்டிக்குள்ளயே கெடந்து, 2017லதான் ஒரு அம்மா பாத்து முயல் எலும்புன்னு சொல்லிருக்காங்க. முதல் நூற்றாண்டோடது. கத்தி பட்ட தடமே இல்ல. அடைச்சு வச்சு வளத்தது, யாரோட செல்லமாவோ இருந்திருக்கலாம்ங்கிறாங்க.

இத பாப்பாகிட்ட சொன்னேன். "அதுக்கு என்ன பேருப்பா?"ன்னு கேட்டா. தெரியலம்மான்னேன். அதுவரைக்கும் அழாதவ அப்பதான் அழுதா.

பொங்கலுக்கு வா. அவ முன்னாடி மட்டும் வாய வச்சுக்கிட்டு சும்மா இரு.

உன்
குமார்