ஆண்டறிக்கை: பரிந்துரைப் பட்டியலும் திரும்பி வராத நூல்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். நமது விளையாட்டு நூல் வாசகர் வட்டத்தின் கடந்த ஓராண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. செயற்குழு விதிப்படி கூடியது. நூல் அலமாரிக்குப் புதிய பதிவேடு போடப்பட்டது. சதுரங்க நூல்கள் குறித்த சிறப்புக் கூட்டம் நல்ல முறையில் நிறைவேறியது.

சென்ற பொதுக்குழு என்னிடம் ஒப்படைத்த முக்கியப் பணி, விளையாட்டின் வரலாறு, பண்பாடு, வணிகம் ஆகியவை குறித்த பரிந்துரை நூற்பட்டியல். அது முடிந்துவிட்டது. ஒவ்வொரு நூலுக்கும் தமிழில் ஒரு பக்கச் சுருக்கமும் எழுதிச் சேர்த்திருக்கிறேன். பட்டியலின் மீது எழுந்த ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லும் இடமும் இதுவே என்பதால் சற்று விரிவாகப் பேச அனுமதி வேண்டுகிறேன்.

நட்சத்திர வீரர்களின் தன்வரலாறுகள் ஏன் இல்லை என்பது முதல் ஆட்சேபம். அவற்றில் பல, புகழ் ஆறுவதற்குள் விற்றுத் தீர்க்க வேண்டும் என்ற அவசரத்தில் எழுதப்படுபவை. யாரையும் நோகடிக்காமல் எழுதப்பட்ட நூலில் வரலாறு இருக்காது. ஜிம் பவுட்டனின் 'பால் ஃபோர்' பட்டியலில் இடம்பெற்றதன் காரணம் இதுதான். பேஸ்பால் பந்துவீச்சாளரான அவர், 1969 பருவத்தில் உடைமாற்றும் அறையில் கண்டதையும் கேட்டதையும், சம்பளத்துக்காக நிர்வாகத்தோடு மல்லுக்கட்டியதையும் தொகையோடு எழுதினார். 1970இல் நூல் வெளிவந்ததும் பேஸ்பால் ஆணையர் போவி கூன் அவரை அழைத்து, எழுதியதெல்லாம் புனைவு என்று ஒப்புக்கொள்ளும் அறிக்கையில் கையெழுத்திடச் சொன்னார். பவுட்டன் மறுத்துவிட்டார். அப்படிப்பட்ட தன்வரலாறு இன்னொன்று கிடைத்தால் மறுப்பின்றிச் சேர்க்கிறேன்.

பட்டியலின் முதல் நூலாக டிரினிடாட் எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸின் 'பியாண்ட் எ பவுண்டரி' என்ற கிரிக்கெட் நூலை வைத்தேன். 1963இல் வெளிவந்தது. டிரினிடாடில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் நாற்காலி மேல் ஏறி நிற்கிறான். சன்னல் வழியே ஆடுகளம் தெரிகிறது. அதே நாற்காலியிலிருந்து சன்னல் விளிம்பில் ஏறிக் கையை நீட்டினால் அலமாரியின் மேல் அடுக்கியிருக்கும் புத்தகங்களும் எட்டுகின்றன. ஜேம்ஸின் வாழ்க்கை முழுவதும் அந்த நாற்காலியில் இருக்கிறது. வளர்ந்ததும் எந்தக் கிளப்பில் சேர்வது என்ற கேள்வி வருகிறது. தீவில் கிளப்புகள் தோல் நிறத்தையும் வர்க்கத்தையும் ஒட்டிப் பிரிந்து கிடந்தன. அவர் கறுப்பினக் கீழ்நடுத்தர வர்க்கத்தாரின் ஷானனை விட்டு, வெளிர்நிற நடுத்தர வர்க்கத்தாரின் மேப்பிளைத் தேர்ந்தெடுத்தார். அதற்காகப் பின்னாளில் வருந்தினார். ஒரு தொடர் முழுமைக்கும் மேற்கிந்தியத் தீவுகள் அணியின் தலைவராக ஒரு கறுப்பினத்தவர் நியமிக்கப்பட 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி நியமிக்கப்பட்ட ஃபிராங்க் வொரலுக்காகத் தன் பத்திரிகையில் இடைவிடாமல் வாதாடியவர் ஜேம்ஸ். கவர் டிரைவ் என்ற மட்டை வீச்சைப் பற்றியும் காலனி ஆட்சியைப் பற்றியும் ஒரே மூச்சில் பேச முடியும் என்று நிறுவிய நூல் இது. கடினமான நூல் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். கடினம்தான். முதல் இரண்டு அத்தியாயங்களைக் கடந்துவிட்டால் கீழே வைக்க மனம் வராது.

அடுத்தது ராமச்சந்திர குஹாவின் 'எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்ட்', 2002. பல்வங்கர் பாலூ என்ற தலித் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளரை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? புணேயில் இந்து அணிக்காக அவர் விக்கெட் எடுக்கலாம். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய அவருக்கு இந்துக்கள் அணியின் தலைமை கடைசிவரை கிட்டவில்லை. 1923இல் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. ஸ்கோர் அட்டையில் பாலூவின் விக்கெட்டுகள் இருக்கின்றன. அந்த மண் குவளை குஹாவின் நூலில்தான் இருக்கிறது. பண்பாட்டுப் பிரிவு எதற்கு என்று கேட்டவர்கள் அந்த அத்தியாயத்தையாவது படிக்க வேண்டும்.

கூட்டத்தின் வருகை சரியத் தொடங்கியது வணிகப் பிரிவில். பணக் கணக்கு விளையாட்டு ரசிகனுக்கு எதற்கு என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இரவுப் போட்டியையும் வண்ணச் சீருடையையும் வெள்ளைப் பந்தையும் கிரிக்கெட்டில் வேரூன்றச் செய்தது ஒரு தொலைக்காட்சி உரிமைத் தகராறு. 1976இல் தொலைக்காட்சி அதிபர் கெர்ரி பேக்கர் அதிகத் தொகை தர முன்வந்தும் ஆஸ்திரேலிய வாரியம் ஒளிபரப்பு உரிமையைத் தர மறுத்தது. அவர் உலகின் முன்னணி வீரர்களை விலைக்கு வாங்கி 1977இல் தனித் தொடரையே தொடங்கிவிட்டார். வீரர்கள் அத்தனை எளிதில் போனார்கள் என்றால், வாரியங்கள் அவர்களுக்கு அதுவரை எவ்வளவு கொடுத்து வந்தன என்று யோசிக்க வேண்டும். 1979இல் சமரசம் ஏற்பட்டபோது உரிமை பேக்கரிடமே போய்ச் சேர்ந்தது. இவ்வளவும் கிடியன் ஹேயின் 'தி கிரிக்கெட் வார்' நூலில் இருக்கிறது.

மைக்கேல் லூயிஸின் 'மணிபால்' என்ற பேஸ்பால் நூலுக்கு மட்டும் கூட்டம் வந்தது, திரைப்படம் பார்த்திருந்ததால். நூலில் இருப்பது அதைவிட அதிகம். முழங்கை நரம்பு சேதமடைந்து, கேட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவராக, இனி ஆட முடியாத ஸ்காட் ஹட்டபர்க்கை மற்ற அணிகள் பெரிதாக மதிக்கவில்லை. அவர் அவுட் ஆகாமல் அடிக்கடி முதல் தளத்தை எட்டுகிறார் என்பதை மட்டும் பார்த்து ஓக்லாண்ட் அணி குறைந்த விலைக்கு எடுத்தது. 2002 செப்டம்பரில் 11-0 என்று முன்னிலையில் இருந்த ஓக்லாண்ட், 11-11 என்று சமநிலைக்கு வந்து தவித்தபோது, ஹோம் ரன் அடித்துத் தொடர்ச்சியான 20ஆவது வெற்றியைத் தந்தவர் அதே ஹட்டபர்க். சந்தை எதைத் தவறாக மதிப்பிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பொருளாதாரப் பாடம் எனக்குத் தெரியாது.

இனி வருத்தத்துடன் சில செய்திகள். 'தி கிரிக்கெட் வார்' நூலின் ஒரே படி நம் அலமாரியிலிருந்து போனது போனதுதான். அதை வைத்துத் திட்டமிட்ட கூட்டத்தில் என் ஒரு பக்கச் சுருக்கத்தைக் கொண்டே விவாதம் நடத்த வேண்டியதாயிற்று. குஹாவின் நூலும் பதிவேட்டில் கையெழுத்தில்லாமல் வெளியே இருக்கிறது. நூலைப் படித்துவிட்டுத் தாமதமாகத் தந்தால் கூடக் குறை சொல்ல மாட்டேன். படிக்காமல் வைத்திருப்பது, வரிசையில் காத்திருக்கும் இன்னொருவரின் வாசிப்பைப் பறிப்பதாகும். பெரிய ஆட்டம் உள்ள நாளில் கூட்டத்துக்கு வராததில் தவறு காணவில்லை. ஆட்டம் எதுவும் இல்லாத நாட்களிலும் பாதிக்கும் மேற்பட்ட நாற்காலிகள் காலியாக இருந்தன. நினைவூட்டல் பெற்றவர்களில் பலர் பதிலும் தரவில்லை.

வரவு செலவைப் பொறுத்தவரை, செலவு வரவுக்குள் அடங்கியது. புதிய நூல்கள் அதிகம் வாங்காததே அதற்குக் காரணம். சந்தா நிலுவை கணிசமாக உள்ளது. நீண்டகால உறுப்பினர்கள் சிலரும் அதில் அடக்கம். விவரத்தைப் பொருளாளர் தம் அறிக்கையில் வைப்பார்.

ஆண்டு முழுவதும் வழிநடத்திய தலைவருக்கும், கணக்கைப் பொறுப்பாகப் பார்த்த பொருளாளருக்கும், இடம் கொடுத்து உதவியவர்களுக்கும், தவறாமல் வந்து படித்துப் பேசிய உறுப்பினர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பட்டியலின் இரண்டாம் பகுதியைத் தயாரிக்கச் செயற்குழு கேட்டிருக்கிறது. கால்பந்தும் ஒலிம்பிக்கும் பெண்கள் விளையாட்டும் அதில் வர வேண்டும். மாண்ட்ரியலில் நடந்த 1976 ஒலிம்பிக்கின் கடன் 2006 வரை அடைக்கப்பட்டுக்கொண்டிருந்த கதை ஒன்றே ஒரு மாதக் கூட்டத்துக்குப் போதும். எழுத எனக்கு விருப்பம் இருக்கிறது. ஆனால் நூல்களை வாங்காமல் அதைத் தொடங்க முடியாது. செயலாளர் பொறுப்பில் தொடர்வது குறித்தும், இன்று நிலுவை எந்த அளவுக்கு வசூலாகிறது, எத்தனை நூல்கள் அலமாரிக்குத் திரும்புகின்றன என்பதைப் பார்த்துவிட்டே முடிவு சொல்ல எண்ணியிருக்கிறேன். பொருளாளர் கூட்டம் முடியும்வரை ரசீதுப் புத்தகத்துடன் வாசல் மேசையில் இருப்பார். நூல்களையும் அங்கேயே வைத்துவிடலாம். தாமதத்துக்கு விளக்கம் யாரும் கேட்க மாட்டோம்.

இவ்வறிக்கைக்கு ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்