சிகுரூப் மவுண்ட் சிக்கலை அவிழ்க்க உதவியவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

வணக்கம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் புதிய மாற்றங்கள் பழையதைக் கெடுக்கவில்லையா என்று பார்க்கும் எங்கள் ரிக்ரெஷன் சோதனைகள் இப்போது இரவு முழுக்கத் தடையில்லாமல் ஓடுகின்றன. நீண்ட நாள் எங்களைப் படுத்திய சிகுரூப் சோதனைகளும் தேறிவிட்டன. இதற்கு உதவியவர்களுக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லவே இந்த மடல்.

ப்ராசஸ்களுக்கு சிபியு, மெமரி போன்றவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் சிகுரூப் வசதி 2008இல் 2.6.24 கர்னலோடு வந்தது. அதைச் சோதிக்கும் எங்கள் ஸ்கிரிப்ட் ஒரு மெஷினில் தேறும். அதே கர்னல் ஓடும் இன்னொரு மெஷினில் சிகுரூப்பை ஒரு டைரக்டரியில் இணைக்கும்போதே, அதாவது மவுண்ட் செய்யும்போதே, 'ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது' என்னும் 'ஈபிஸி' (EBUSY) பிழையோடு நின்றுவிடும். கர்னலில்தான் பிழை என்று பலரும் நினைத்தார்கள்.

லேபைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், ஃபெயிலான மெஷினை ரீபூட் செய்யாமல் அப்படியே எங்களுக்காக விட்டுவைத்தார். அதனால்தான் அதன் மவுண்ட் பட்டியலைப் பார்க்க முடிந்தது. பூட் ஆகும்போதே, சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி, சிபியு நேரத்தைப் பங்கிடும் 'சிபியு', அதன் பயன்பாட்டைக் கணக்கிடும் 'சிபியுஅக்ட்' என்ற இரண்டு கண்ட்ரோலர்களையும் ஒரே படிநிலையில் (ஒரே டைரக்டரி மரத்தில்) சேர்த்து மவுண்ட் செய்திருந்தது. எங்கள் ஸ்கிரிப்ட் சிபியுவை மட்டும் தனியே கேட்டது. சிகுரூப் முதல் பதிப்பில் ஒரு கண்ட்ரோலர் ஒரு படிநிலையில்தான் இருக்க முடியும். கர்னல் மறுத்தது சரிதான்.

எந்த ப்ராசஸ் எந்த சிபியுவில் ஓடலாம் என்று வரையறுக்கும் சிபியுசெட் கண்ட்ரோலரின் சோதனையில் சிக்கல் இன்னும் நுட்பமானது. அங்கே மவுண்ட் வெற்றி என்றே லாக் சொல்லும். ஆனால் சோதனை தேடும் கோப்பு இருக்காது. பக்கத்து அணித் தோழி ஒருவர் பொறுமையாக, கர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜ் (dmesg) முழுவதையும் படித்து, புதிய மவுண்ட் ஆப்ஷன்கள் பொருந்தவில்லை, அவை புறக்கணிக்கப்படும் என்ற ஒற்றை எச்சரிக்கை வரியைக் கண்டுபிடித்தார். ஏற்கெனவே இருக்கும் படிநிலைதான் நமக்கும் கிடைக்கிறது. கோப்புப் பெயரில் முன்னொட்டு வேண்டாம் என்னும் நோப்ரிஃபிக்ஸ் ஆப்ஷன் கொடுத்தும் பயனில்லை, கோப்புப் பெயர்கள் 'சிபியுசெட்' முன்னொட்டோடே நிற்கின்றன. தன் வேலையை ஒதுக்கிவிட்டு இதைத் தேடிய அவருக்கு எப்படி நன்றி சொன்னாலும் போதாது.

அப்புறம், கர்னல் டெவலப்பர் தேஜுன் ஹியோ சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பைப் பற்றி எழுதிய ஆவணம். முதல் பதிப்பு மவுண்டைக் கழற்றிய உடனே அந்தக் கண்ட்ரோலர் இரண்டாம் பதிப்பில் தெரியாமல் போகலாம், பழைய படிநிலையில் அதைப் பிடித்திருக்கும் ரெஃபரன்ஸ்கள் எல்லாம் விடுபட வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அடுத்தடுத்து ஓடும் சோதனைகளில் சில மட்டும் அவ்வப்போது ஃபெயிலானதன் காரணம் அதைப் படித்த பிறகே புரிந்தது. இவ்வளவு அக்கறையோடு எழுதப்பட்ட ஆவணம் கிடைப்பது பெரிய கொடை.

லினக்ஸ் கர்னலுக்கான திறந்த மூலச் சோதனைத் தொகுப்பான லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்டில் உழைக்கும் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அவர்களின் சிகுரூப் லைப்ரரி, முதலில் எது மவுண்ட் ஆகியிருக்கிறது என்று பார்க்கிறது. இருந்தால் அதையே பயன்படுத்தி, அதற்குள் சோதனைக்கென்று தனி டைரக்டரி அமைக்கிறது. தான் மவுண்ட் செய்ததை மட்டுமே கழற்றுகிறது. நாங்களும் எங்கள் மவுண்ட் வரிகளை நீக்கிவிட்டு அதற்கு மாறிவிட்டோம்.

பழைய கர்னல் ஓடும் சில மெஷின்கள் இன்னும் பாக்கி. அவற்றை மாற்றித்தர வார இறுதியில் வருவதாகச் சொல்லியிருக்கும் இளம் நண்பர்களுக்கும் இப்போதே என் நன்றி.

அன்புடன்,
கர்னல் சோதனை அணியிலிருந்து ஒருவர்